கடைமடையின் நீர்: மகாவலியும் தோப்பூரும்

மத்திய மலைநாட்டிலே தோன்றி, ஏறக்குறைய 335 கிலோமீற்றர் தூரம் பாய்ந்து, கொட்டியாற்றுக் குடாவிலே கடலோடு கலப்பது மகாவலி கங்கை. இலங்கைத் தீவின் நிலப்பரப்பில் ஆறிலொரு பங்கு வரை இவ்வாற்றின் வடிநிலமாகும். அக்குடாவின் தென்புறத்தே, மூதூரை அடுத்து, வயல்கள் சூழ அமைந்த ஊர் தோப்பூர். 1660 ஆம் ஆண்டிலே ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டது இக்கொட்டியாற்றுக் கரையிலேயே. மலையரசின் ஆணை கடற்கரைவரை எட்டியமைக்கு அந்நிகழ்ச்சி சான்று பகரும். ஆணை மட்டுமன்று, மலையிற் செய்யப்படும் ஒவ்வொரு செயலின் விளைவும் ஆற்றின் வழியே இக்கரையை வந்தடைகின்றது. ஆதலின் தோப்பூர்ப் பகுதியின் நீர் வரலாற்றை அவ்வூரின் எல்லைக்குள் மட்டும் நின்று எழுதுதல் இயலாது.

நீரைத் தெளிவித்துப் பருகும் வழக்கம் தமிழரிடையே மிகத் தொன்மையானது. தேற்றாங்கொட்டையை மண்கலத்தின் உட்புறத்தே தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பின், விதையிலுள்ள பசைப்பொருள் களித்துகள்களைப் பிணைத்துக் கனமாக்கும். அவை அடியிற் படியும். சங்கத்தொகை நூல்களுள் ஒன்றாகிய கலித்தொகையில் இவ்வழக்கம் உவமையாக ஆளப்பட்டுள்ளது. இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களிலே படிகாரம் இடப்படுவதும் இதே நோக்கத்திற்காகவே. ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் தெளிந்த நீரிலும் வாழும் என்ற உண்மை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்டது.

அவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி, கடைமடையில் வாழ்வோருக்குச் சிறப்பாகப் பொருந்துவது. 1892 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி பரவி 8,600 பேர் வரை மாண்டனர். அந்நகரம் எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமலே பயன்படுத்தி வந்தது. அடுத்திருந்த அல்தோனா நகரமோ ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பின்னரே அதே ஆற்றின் நீரைப் பெற்றது. எனினும் அங்கு நோய் பெரிதும் பரவவில்லை. மணற்படுகையில் நீரை மெதுவாக வடியவிட்டதே அதற்குக் காரணம். மணலின் மேற்பரப்பிற் படரும் நுண்ணுயிர்ப் படலம் கிருமிகளைத் தடுத்து அழித்துவிடுகின்றது. மேல்மடை பொறுப்பற்றிருந்தபோதும் கீழ்மடை தன்னைக் காத்துக்கொண்டமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு. ஆனால் அக்காப்பின் செலவு முழுவதையும் கீழ்மடையே சுமந்தது என்பதும் மறக்கற்பாலதன்று.

இலங்கையிலே தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975 இல் நிறுவப்பட்டது. திருகோணமலை நகருக்கான குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து பெறப்படுகின்றது. தமிழ் மரபு குளக்கோட்டனோடும், சிங்கள மரபு அநுராதபுர மன்னரோடும் தொடர்புபடுத்தும் அக்குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். குழாய்நீர் எட்டாத கரையோர ஊர்களுக்கோ நெடுங்காலம் கிணறும் மணலிலே தோண்டிய பூவலுமே கதியாயிருந்தன.

இக்கிணறுகளின் இயல்பை 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அனைவருக்கும் கற்பித்தது. கரையோர மணலின்கீழ் நன்னீரானது பாரமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றர் ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கண்ட விதி. மேலே சிறிது குறைந்தாலும் கீழேயிருந்து உப்புநீர் பெரிதும் உயர்ந்துவிடும். பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில், உப்பேறிய கிணறுகளைத் தூய்மையாக்கும் நல்லெண்ணத்துடன் இயந்திரங்களால் மீண்டும் மீண்டும் நீர் இறைக்கப்பட்டது. பல இடங்களில் அதனால் உப்பு மேலும் ஏறியது. அளவுக்கு மீறி இறைத்தலாகாது என அறிஞர் பின்னர் அறிவுறுத்தினர். மாரிமழையே கிணறுகளைப் படிப்படியாக மீட்டது. இயந்திரமின்றித் துலாவால் இறைத்த முன்னோர், விதியை அறியாமலே அளவைக் காத்தனர் எனலாம்.

நீர் தூய்மையாயிருப்பது மட்டும் போதாது. அது வந்து சேரவும் வேண்டும். 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கட்டின் கதவுகள் விடுதலைப் புலிகளால் மூடப்பட்டன. குடிநீர்த் திட்டம் உள்ளிட்ட கோரிக்கைகள் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. கீழேயிருந்த ஆயிரக்கணக்கான உழவர் குடும்பங்களின் வயல்கள் காய்ந்தன, போர் மூண்டது. ஓகத்து மாதத்தில் மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாய் நோக்கி இடம்பெயர்ந்தனர். பட்டினியை எதிர்த்துப் பணியாற்றிய பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர் பதினேழு பேர் மூதூரிலே கொல்லப்பட்டனர். மக்களுக்கு நீரும் சுகாதார வசதியும் தேடித் தந்த நிறுவனம் அது.

போர் 2009 இல் முடிவுற்றது. மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் இடையிலான வழக்கோ முடியவில்லை. கண்டி நகரின் குப்பை கொட்டப்பட்ட கொஹாகொடை மேட்டின் கழிவுநீர் மகாவலியில் வடிந்தது. கரையோரத் தோட்டங்களின் மண்ணும் வயல்களின் பசளை எச்சமும் ஆற்றிற் சேர்கின்றன. இவற்றைச் சட்டம் ஒன்றினால் ஒரே நாளிற் களைந்துவிடலாம் என்பதும் பிழையான எண்ணமே. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஆயத்தமின்றித் தடைசெய்யப்பட்டது, விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. தடையினாலன்றி அளவறிந்து இடுதலினாலேயே பசளையின் தீமை குறையும். மண்ணைச் சோதித்து வேண்டிய அளவே இடுதல், மலசலக் குழியைக் கிணற்றுக்கு எட்ட அமைத்தல், சவர்க்கார நீரை ஆற்றில் விடாது வாழைப்பாத்திக்குத் திருப்புதல், வரம்பையும் ஆற்றங்கரை மரங்களையும் பேணுதல் ஆகியன சிறு செயல்களாகத் தோன்றும். ஆயினும் ஆறு இத்தகைய சிறு செயல்களின் கூட்டுத்தொகையையே கடைமடைக்குக் கொண்டு செல்கின்றது.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை அணைந்து செல்லும் ஆறும், கொட்டியாற்றுக் குடாவிற் கலக்கும் ஆறும் ஒன்றே. விடுதியொன்றிலிருந்து வடியும் கழிவுநீருக்கும் தோப்பூர் உழவனின் வாய்க்காலுக்கும் இடையே அணைகளும் நீர்த்தேக்கங்களும் பல உள; எனினும் அத்தொடர்பு அறுந்துவிடவில்லை. மேல்மடையில் வாழ்வோர் கடைமடையைக் கண்டதில்லை என்பது உண்மையாகலாம். கடைமடையில் வாழ்வோரோ மேல்மடையை நாள்தோறும் தம் குடத்திலே காண்கின்றனர்.