தோள்சீலையும் லேஸும்: இனயம் கரையின் பழைய பெண்ணுடைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே உள்ள மீனவ ஊர் இனயம். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. ஒரு பெண் எதை உடுத்தலாம், எப்படி உடுத்தலாம் என்பதை அரசு விளம்பரங்கள் (பிரகடனங்கள்) தீர்மானித்த நாடு அது. அதே நாட்டில்தான் சீமைக்குப் போன நேர்த்தியான லேஸும் பின்னப்பட்டது. இந்த மண்ணில் கிடைக்கும் ஒரு பழைய சட்டையோ லேஸ் துண்டோ, எழுதப்பட்ட ஆவணத்துக்கு நிகரான சான்று. அதைச் சேகரிப்பதும் செப்பனிடுவதும் வரலாற்றுப் பணியின் ஒரு பகுதி.

இக்கரையின் மீனவரான முக்குவர்கள் 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினர். மதம் மாறியும் உடை உடனே மாறிவிடவில்லை. முரட்டுத் துணியை இடுப்பில் கட்டி, மேலே சுற்றிக்கொள்வது கடற்கரைப் பெண்களின் வழக்கமாக இருந்தது. மீன் சுமக்கும்போது தலையில் வைக்கும் சும்மாடும் அவர்கள் உடையில் சேர்ந்ததே. மீன் கூடையான கடவத்தின் பாரத்தைத் தாங்கியது அதுதான்.

உள்நாட்டில் நிலைமை வேறு. சாதி அடுக்கில் மேலே இருந்தவர்கள் முன்னிலையில் நாடார், ஈழவர் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பது வழக்கம். 1806-இல் மிஷனரி ரிங்கல்தோபே தென் திருவிதாங்கூருக்கு வந்த பின் சீர்திருத்தக் கிறிஸ்தவம் பரவியது. மேலாடைக் கேள்வியும் கூடவே எழுந்தது. 1813-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை அணியலாம் என்று உத்தரவிட்டார். எதிர்ப்பு எழுந்ததும் அது திருத்தப்பட்டு, சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளை முஸ்லிம்களும் அணிந்த குப்பாயம் என்னும் சட்டை மட்டும் அனுமதிக்கப்பட்டது. மிஷனரிகளின் மனைவியரான திருமதி மீடும் திருமதி மால்ட்டும் குட்டைக்கை வைத்த தளர்வான சட்டை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தனர். பெண்களோ தோளின் மேல் போடும் சீலையையும் விடவில்லை. 1820-களில் கலகம் மூண்டது. 1829 பிப்ரவரி 3-ஆம் நாள் வந்த அரச விளம்பரம் சட்டையை ஏற்று, தோள்சீலையைத் தடுத்தது.

1858-இன் கடைசியில் கலகம் மறுபடி வெடித்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுக்க, 1859 ஜூலை 26-இல் உத்திராடம் திருநாள் மகாராஜா புதிய விளம்பரம் வெளியிட்டார். எல்லா மதத்து நாடார் பெண்களும் மார்பை மூடலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல. கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலச் சட்டை போடலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். அனுமதியின் அளவுகோலாக அரசு காட்டிய உடை, இனயம் போன்ற கடற்கரை ஊர்களின் உடை. உடை வரலாற்றில் இக்கரை ஓர் அரச ஆணையிலேயே பெயர் பெற்றுவிட்டது.

இதே காலத்தில் நாகர்கோவிலில் லேஸ் தொழில் வேரூன்றியது. 1819-இல் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் வந்த மார்த்தா மால்ட், பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கி, 1821 வாக்கில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கெட்டியான திண்டின் மேல் புள்ளி குத்திய அட்டையை விரித்து, புள்ளிகளில் குண்டூசி நட்டு, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிக் கடத்தி முறுக்கும் முறை அது. ஒரு விரற்கடை அகலக் கரைக்கும் பல நாள் பிடிக்கும். அடிமைகளாகப் பிறந்த சில பெண்கள் இந்த வருமானத்தில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. மால்ட்டின் மகள் எலைசா 1844-இல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போக, லேஸ் தொழிலும் நெல்லைச் சீமைக்குப் போனது.

அந்த லேஸை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள். கழுத்துப்பட்டி, கைப்பட்டி, கைக்குட்டை, மணப்பெண்ணின் முகத்திரை, மணமான பெண்கள் வீட்டுக்குள் அணிந்த லேஸ் தொப்பி என அக்கால நாகரிகம் லேஸை அள்ளிக்கொண்டது. தம் தோளில் ஒரு துணி போட உரிமை கேட்டுக்கொண்டிருந்த ஊரின் பெண்களே கடல் கடந்தவர்களின் தலைக்கும் கழுத்துக்கும் அலங்காரம் பின்னினார்கள்.

கத்தோலிக்கப் பக்கத்தில் முளகுமூடு லேஸ் தொழிலுக்கு மையமாயிற்று. 1897 நவம்பரில் பெல்ஜியத் துறவி மரி லூயிஸ் தெ மேஸ்டர் அங்கு வந்து, அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தோடு பணியைத் தொடங்கினார். அவர் நிறுவிய சபை இன்று ஐ.சி.எம். சபை எனப்படுகிறது. லேஸும் எம்பிராய்டரியும் அங்கு கைத்தொழிலாயின. பீடத்துணி, குருக்களின் வெண்ணங்கி ஆகியவற்றின் ஓரங்களுக்கு லேஸ் தேவைப்பட்டது. பெண்கள் கோவிலுக்குள் தலையை மூட வேண்டும் என்று 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்தது. 1983-இன் தொகுப்பில் அந்த விதி இல்லை. முந்தானை முக்காடும் மணப்பெண்ணின் வலைத்திரையும் அதன் பிறகும் வழக்கில் நீடிக்கின்றன.

பழைய உடை ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலை காலம் கணிப்பது. முழுக்கக் கைத்தையலா, இயந்திரத் தையலா என்பதைத் துணியின் உட்பக்கம் காட்டிவிடும். செயற்கைச் சாயம் முதன்முதலில் 1856-இல் உருவானது. அந்த வகைச் சாயம் ஏறிய துணி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அழுத்துப் பொத்தானுக்கு 1885-இல்தான் காப்புரிமை கிடைத்தது. நைலான் நூல் இருந்தால் அது 1930-களின் இறுதிக்குப் பிந்தியது, அல்லது பின்னாளில் பழுது பார்க்கப்பட்டது. திண்டில் பின்னிய லேஸில் நூல்கள் நெய்தது போல ஒன்றையொன்று கடந்து போகும். ஊசிக்கொக்கியால் பின்னியதில் கண்ணிகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871-லும் 1883-லும் வெளியிட்ட திருவிதாங்கூர் நூல்களும் பழைய குடும்பப் புகைப்படங்களும் ஒப்பிட உதவும்.

கடற்கரையில் துணிக்குப் பகை அதிகம். காற்றிலுள்ள உப்பு நூலில் படிந்து ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கொக்கியும் குண்டூசியும் துருப்பிடித்து, துருவேறிய இடத்தில் பருத்தி இற்றுப்போகும். கஞ்சி போட்ட துணியை இராமபாணப்பூச்சி தேடி வரும். தகரப்பெட்டியில் பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்பிலேயே கிழியும்.

செப்பனிடும் முறை பொறுமையைக் கேட்பது. முதலில் புகைப்படம் எடுத்து அளவும் கறையும் குறிக்கப்படும். மெல்லிய வலையை மேலே வைத்துத் தூசி உறிஞ்சப்படும். சாயம் கரையாது என்று ஒரு மூலையில் சோதித்த பிறகே நனைப்பார்கள். உப்பு நீக்கிய நீரும் மென்மையான சலவைக் கரைசலும் போதும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. நனைந்த லேஸைத் தூக்கிப் பிழியாமல், வலையோடு எடுத்து, பலகையில் வடிவம் பிடித்து நிழலில் உலர்த்துவார்கள். கிழிசலுக்கு அடியில் அதே நிறத்தில் மெல்லிய துணி வைத்து நுண்ணிய நூலால் தைப்பது நல்லது. பின்னாளில் பிரித்தெடுக்க முடியாத பசை ஆகாது. பிறகு கஞ்சியில்லாத மல்லுத்துணியில் சுற்றி, மடிக்காமல் உருளையில் சுருட்டி வைக்க வேண்டும். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது.

தொப்பிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஐரோப்பியப் பெண்களும் அணிந்த வெயில் தொப்பி நெட்டித் தக்கையால் ஆனது. அது நனைந்தால் குலையும், அழுத்தினால் நொறுங்கும். தலையளவுக்கு அமிலமில்லாத தாள் திணித்து, விளிம்பு தரையில் படாமல் தாங்கியில் வைப்பதே வழி. வைக்கோல் தொப்பியை இலேசான ஆவியில் காட்டி வடிவத்துக்குக் கொண்டுவரலாம். லேஸையும் நாடாவையும் கழற்றித் தனியே துப்புரவு செய்வது பாதுகாப்பானது.

பழம்பொருள் பாதுகாப்புக்குத் தமிழகத்தில் நெடிய மரபு உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் எஸ். பரமசிவன் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக்கூடம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. ஆனால் சேமிப்பில் ஓரவஞ்சனை இருக்கிறது. விலையுள்ள லேஸ் பெட்டியில் தங்கியது. உழைக்கும் பெண்ணின் முரட்டுத் துணி கிழியும் வரை உடுக்கப்பட்டு, பிறகு கந்தலாகி, பிள்ளைக்கு ஏணையாகி, கைப்பிடித் துணியாகித் தீர்ந்தது. 1859-இன் விளம்பரம் பெயர் சொன்ன உடை அதுதான். இனயத்திலோ அண்டை ஊர்களிலோ ஒரு பாட்டியின் குப்பாயமோ சட்டையோ முக்காட்டுத் துணியோ மிஞ்சியிருந்தால், அதை வெளுத்துப் புதிதாக்க வேண்டாம். ஒட்டுத்தையலும் மீன்கறையும் அதன் வரலாறு. உடுத்தியவர் பெயரும் ஊரும் காலமும் எழுதி, துணியோடு சேர்த்து வைப்பதே முதல் பாதுகாப்பு.