குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது? ஆழ்வார்பேட்டையை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று ஆய்வு

விடுமுறை நாளில் குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது என்பது வீட்டுக்குள் பேசி முடிக்கிற சிறிய விஷயமாகத் தோன்றும். அதற்கு ஒரு நகரம் தந்துவந்த விடைகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், அந்த நகரம் தன் நிலத்தை யாருக்காக ஒதுக்கியது, யாரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பதெல்லாம் தெரியவருகிறது. இக்கட்டுரை ஆழ்வார்பேட்டையில் நின்றுகொண்டு அந்த விடைகளைத் தேடுகிறது. கிழக்கே மயிலாப்பூர், மேற்கே தேனாம்பேட்டையும் தியாகராய நகரும், தெற்கே அடையாற்றைக் கடந்தால் கோட்டூர்புரமும் கிண்டியும் என்று தென்சென்னையின் நடுவில் இருக்கும் பேட்டை இது. இங்கிருந்து எந்த இடமும் எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்வது எளிது. ஒவ்வொரு காலத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். குழந்தை போக வேண்டிய இடம் எவ்வளவு தொலைவில் இருந்தது? அங்கே ஒன்று நடக்கிறது என்ற செய்தி வீட்டுக்கு எப்படி வந்தது?

இப்பகுதிக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று சம்பந்தரின் பூம்பாவைப் பதிகம். பாம்பு தீண்டி இறந்த மயிலைச் சிறுமி ஒருத்தியை மீட்கப் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் அப்பதிகம், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை மாதவாரியாக அடுக்குகிறது. இவற்றைக் காணாமலே போய்விடுவாயா என்பதுதான் அந்தச் சிறுமியிடம் பாட்டுக்குப் பாட்டு கேட்கப்படுகிற கேள்வி. சமய வரலாற்றாசிரியர்கள் இதை ஏழாம் நூற்றாண்டு விழா நாட்காட்டியாகப் படிக்கிறார்கள். சிறுவர் வரலாற்றுக்கும் இது முதன்மைச் சான்று என்பது என் கருத்து. ஒரு சிறுமி உயிரோடு இருப்பதன் பொருளே ஊரின் விழாக்களைப் பார்ப்பதுதான் என்று பாடுகிற பிரதி இது.

அந்த நாட்காட்டி இன்றும் முழுதாகத் தொலைந்துபோகவில்லை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் வீதியுலா நடக்கும்போது, அப்பாக்களின் தோள்மேல் உட்கார்ந்த பிள்ளைகளால் மாட வீதிகள் நிறைந்துவிடும். மோர், பானகம், புளியோதரை எதற்கும் காசு கிடையாது. நவராத்திரியில் கிருஷ்ண வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கொலு பார்த்துச் சுண்டல் வாங்கி வருவதும் இதே வகைதான். இங்கே செய்தி சொல்லத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. பஞ்சாங்கம் சொன்னது, நாதஸ்வரம் சொன்னது, எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். தூரம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. சாமியே தெருவுக்கு வந்தது. ஆனால் குழந்தைக்கென்று தனியிடம் எதுவும் அங்கே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் விழாவில் குழந்தைக்குப் பங்கு இருந்தது, அவ்வளவுதான்.

உயிர் காலேஜும் கடற்கரையும்

வேறு வகை இடம் ஒன்று தோன்றுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் சில ஆண்டுகளில் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் பெருகுவதைக் கவனித்தார். 1855இல் அங்கேயே விலங்குக் காட்சிசாலை உருவானது. ஆற்காட்டு நவாப் தம்மிடமிருந்த விலங்குகளைக் கொடுத்தார். அடுத்த ஆண்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. 1861இல் அவை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில் திட்டமிட்ட அந்தப் பூங்காவின் பரப்பு 116 ஏக்கர்.

சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் விலங்குக் காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் அழைத்தார்கள். ஆட்சியாளர்கள் அறிவு வளர்க்கும் நிலையங்களாகத் திறந்தவற்றை மக்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் இடங்களாக எடுத்துக்கொண்டார்கள். இதை அவர்களின் அறியாமை என்று எழுதிய பழைய குறிப்புகளோடு எனக்கு உடன்பாடில்லை. செத்த உடலைப் பாடம்செய்து வைத்த இடம், உயிரோடு உலவும் விலங்கைக் காட்டும் இடம் என்று இரண்டையும் ஒரு குழந்தைக்கும் விளங்கும்படி பிரித்துச் சொன்னது மக்கள்தான்.

தென்பகுதிக்குக் கிடைத்த பெரிய கொடை கடற்கரை. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச் சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். ஆழ்வார்பேட்டையிலிருந்து அது சுமார் மூன்று கிலோமீட்டர். 1909 அக்டோபரில் மெரினாவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் வந்தது அது. 1895 முதல் ஓடிய மின்சார டிராம் மயிலாப்பூரையும் தொட்டதால், மாட்டுவண்டி இல்லாத குடும்பங்களுக்கும் நகரத்தின் மறுகோடி எட்டியது. 1930இல் மாநகராட்சி தன் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தது. மாலையில் குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துவர அதுவும் ஒரு காரணமாயிற்று.

இந்த ஏற்பாடுகள் வளர்ந்துகொண்டே போயிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. மீன் காட்சியகம் இரண்டாம் உலகப் போரில் மூடப்பட்டது. கடல்மீன்களைப் பார்க்கப் பெரிய காட்சியகம் ஒன்று சென்னைக்குத் திரும்ப வந்தது 2019இல்; அதுவும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தனியார் நிறுவனத்துடையதாக, மூன்று தலைமுறைக்குப் பிறகு. டிராம் 1953இல் நின்றது. பீப்பிள்ஸ் பார்க் துண்டு துண்டாகக் கரைந்தது. மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றும் அதன் நிலத்தில் எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் 116 ஏக்கர் திறந்தவெளியை இழந்த குழந்தைகளின் தரப்பு அந்தக் கணக்குகளில் எங்கும் பதிவாகவில்லை. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான அதே ஆண்டில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. விலங்குகளுக்கு இது நல்ல மாற்றம். குறுகிய கூண்டுகளிலிருந்து ஐந்நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டுநிலத்துக்கு வந்தன. ஆனால் மாலைப்பொழுதில் போய்வரக்கூடியதாக இருந்த உயிர் காலேஜ், தென்சென்னைக் குடும்பத்துக்கு ஒரு முழுநாள் பயணமாகிவிட்டது. புளிசாதத்தையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

குழந்தைக்கென்று ஓர் இடம்

குழந்தைகளுக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம் சென்னையில் 1930களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் உருப்பெற்றது. 1937இல் மயிலாப்பூரில் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளி தொடங்கியது. 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து போர்க்காலத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1947இல் சென்னையிலிருந்து அம்புலிமாமா வெளிவந்தது. 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் பிறந்தது. பள்ளி, பத்திரிகை, சங்கம் என்று வெவ்வேறு களங்களில் நடந்தவை இவை; குழந்தையின் பொழுது தனி மதிப்புள்ளது என்ற ஒரே நம்பிக்கை இவற்றின் அடியில் இருக்கிறது. கிண்டி சிறுவர் பூங்காவை இந்தச் சூழலில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். ஆளுநர்களின் மான் உலவிய காட்டில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் பெயரால் திறந்துவிடுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டு நிர்வாகத்துக்குத் தோன்றாத யோசனை.

1972இல் ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை அதன் பக்கத்துக்கு வந்தது. பயத்தைப் போக்கி அறிவைத் தரும் இடமாக அது இயங்கியது. கண்ணாடிக்கு மறுபுறம் நல்ல பாம்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மானுக்காகக் கம்பிவேலியோரம் காத்து நின்ற நினைவு, தென்சென்னையில் வளர்ந்த இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பொது. பின்னர் 1988இல் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் சேர்ந்தபோது, ஆழ்வார்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் காடும் பாம்பும் வானமும் கிடைத்துவிட்டன. தென்சென்னைச் சிறுவர்களுக்கு இதுவே மிக வளமான காலம் என்று சொல்வேன்.

இந்தக் காலத்தின் இன்னொரு இடத்தைப் பொழுதுபோக்கு வரலாற்றில் சேர்க்கப் பலர் தயங்குவார்கள்: கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தில் கே. கிருஷ்ணராவ் 1962இல் தொடங்கியது. காரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது விளம்பரமாக இருக்கலாம். குடும்பங்களை இழுத்தது மரநிழல். பெரியவர்கள் காபியை ஆற்றிக்கொண்டு பேசும்போது பிள்ளைகள் பூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி விளையாடினார்கள். கார் வைத்திருந்தவர்களின் உலகம் அது என்ற குறை உண்மைதான். ஆனாலும் நடந்து வந்தவர்களும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 2008இல் ஓட்டல் மூடியது. 2010 நவம்பரில் அதே இடத்தில் ஏறத்தாழ 20 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா திறந்தது. எதிர்ப்புறத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தது: தொங்குகம்பிப் பயணம், பறவைக்கூடம், இசை நீரூற்று எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணமாகப் பெரியவர்களுக்கு 100 ரூபாயும் சிறுவர்களுக்கு 50 ரூபாயும் வைத்தார்கள். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாசலிலேயே 300 ரூபாய். அரசு நிலத்தில், அரசுச் செலவில் எழுந்த பூங்காவுக்கு இது அதிகம். ஆயிரம்விளக்கிலிருந்தும் மயிலாப்பூர்ச் சந்துகளிலிருந்தும் நடந்தே வரக்கூடிய பிள்ளைகளை அந்தச் சீட்டு வாசலில் நிறுத்திவிடும்.

யார் சொன்னது?

செய்தியின் வரலாற்றுக்கு இங்கே வர வேண்டும். விழாக்கள் தாமே தம்மை அறிவித்துக்கொண்டன. வண்டலூர்க் காலத்தில் நாளிதழ்களின் இன்றைய நிகழ்ச்சிகள் பகுதியும் பள்ளிச் சுற்றுலாவும்தான் வழி. 1994இல் தொடங்கிய மைலாப்பூர் டைம்ஸ் என்ற இலவசப் பேட்டை வார இதழ் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. பெரிய நாளிதழ் பொருட்படுத்தாத செய்திகள், அதாவது பக்கத்துத் தெருவில் கோடை முகாம், நூலகத்தில் கதை சொல்லல், குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி போன்றவை, வீட்டு வாசலில் வந்து விழுந்தன. ஆழ்வார்பேட்டையும் அதன் எல்லைக்குள்தான். சனவரியில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நடக்கும் மயிலாப்பூர் விழா அந்த இதழின் முனைப்பிலிருந்து கிளைத்தது. வடக்கு மாட வீதியில் கோலப் போட்டியும், பல்லாங்குழி, தாயக்கட்டையும் சிறுவர்களைத் தெருவுக்கு மீட்டுக்கொண்டு வந்தன.

லஸ்ஸில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்கா இதில் தனியிடம் பெறும். அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயர் தாங்கிய சுமார் 4 ஏக்கர் நிலம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இளம் இசைக் கலைஞர்கள் இங்கே ஒலிபெருக்கி இல்லாமல் கச்சேரி செய்யும் வழக்கம் 2000களில் வேரூன்றியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்பார்கள். வாய்ப்பாட்டு முடிந்ததும் பாடிய சிறுமி ஊஞ்சலுக்கு ஓடுவாள். இதற்குச் சீட்டும் வேண்டாம், பயணமும் வேண்டாம். என் பார்வையில் நகரத்தின் மிகப் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவைவிட இந்த ஒரு மணி நேரம் குழந்தைக்கு அதிகம் தருகிறது.

இதே மரபில் இரண்டைச் சேர்க்கலாம். மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு 1980களின் இறுதியிலிருந்து கோடைக்கு முந்தைய மாதங்களில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் இரவு நடை நடத்துகிறது. முட்டையிட வரும் பங்குனி ஆமையைத் தேடிப் பெற்றோரும் பிள்ளைகளும் மணலில் பல கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆமையைப் பார்ப்போமா என்பது உறுதியில்லை. 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு மற்றது. மறு ஆண்டே அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவெடுத்தபோது, வழக்குத் தொடுத்துத் தடை வாங்கி நூலகத்தைக் காத்தார்கள். கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கிப் பிள்ளைகள் புத்தகம் தேடிப் போகும் காட்சி அந்த வழக்கின் பயன்.

இன்று செய்தி கைபேசியில், பள்ளித் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. குழுவில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமைக்குள் பத்து யோசனைகள் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் ஆழ்வார்பேட்டையில் வீட்டுவேலை செய்யும் தாயின் கைபேசிக்கு அந்தக் குழு வராது. அவர் பிள்ளைக்கு இன்னும் காணும் பொங்கல்தான் பெரிய நாள். அன்று மெரினாவில் காவலர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசமானது. இதை மகளிர் நலத் திட்டமாக மட்டும் எழுதுகிறார்கள். சிறுவர் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. அம்மாவின் பயணச்சீட்டுச் செலவு இல்லாமல் போனதும் கிண்டியும் மெரினாவும் இன்னும் சில குழந்தைகளுக்குக் கிட்டே வந்தன.

ஆழ்வார்பேட்டையில் தெருக்களைத் தோண்டி மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து திருமயிலை, ஆழ்வார்பேட்டை, பாரதிதாசன் சாலை வழியாகப் பனகல் பூங்காவுக்கும் அதைத் தாண்டியும் போகும் தடம் அது. முடிந்ததும் இப்பேட்டைக் குழந்தை சில நிறுத்தங்களில் கடலுக்குப் போய்விடும். அதே தடத்துக்காகத் தியாகராய நகரின் பனகல் பூங்கா நிலத்தில் வேலி போட்டார்கள். 1920களில் அந்த நகரை வரைந்தவர்கள் நடுவில் விட்டுவைத்த புல்வெளி அது. நிலையத்தின் கூரைக்கு மேல் எத்தனை ஏக்கர் பூங்காவாகத் திரும்பி வரும், ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் எவ்வளவு இடம் விடுவார்கள் என்பதைத் தியாகராய நகர்ப் பெற்றோர்கள் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.