அறுவைக்கூடமும் அடுக்களையும்

கொள்ளைநோய் ஓர் ஊரைப் பற்றும்போது கடைத்தெரு அடைபடுவதை யாவரும் காண்கிறோம். மருத்துவமனைக்குள்ளே அறுவைக்கூடம் அடைபடுவதையோ, அங்கே படுக்க நாள் குறித்துக் காத்திருந்தவரும் அவருடைய வீட்டாருமே அறிவர். அத்தகைய காலத்தில் நம்மைக் காக்கக்கூடிய ஒரு துணை அடுக்களையில் இருக்கிறது. உணவோடு சிறிதளவு சேர்க்கப்படும் தாதுப் பொருள்களே அத்துணை. இதனை ஓர் ஊரின் வரலாற்றை ஒட்டி ஆராய்வோம்.

புனேயிலிருந்து லோனாவ்லா செல்லும் இருப்புப் பாதையில், தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் இடையே உள்ளது கசார்வாடி. 1858-ஆம் ஆண்டு முதல் இவ்வழியே ரயில் ஓடுகிறது. வாணிபம் வந்த வழியே நோயும் வருவது உலக இயல்பு. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் விரைவிலேயே புனேயை எட்டியது. வீங்கிய நெறிக்கட்டி பழுத்தால் கீறிச் சீழை அகற்றுவதற்கு மேல் அறுவை மருத்துவரால் அதிகம் செய்யக் கூடவில்லை. நோயாளிகளுக்குப் பணிபுரிந்த சாவித்திரிபாய் புலே அம்மையார் தாமும் அந்நோய்க்கு ஆளாகி, 1897 மார்ச் 10 அன்று உயிர் நீத்தார்.

அடுத்த பேரிடர் 1918-இல் வந்த இன்புளுவென்சா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டில் மழையும் பொய்த்தது. தானிய விலை ஏறியது. பசியால் மெலிந்த உடல்கள் நோயைத் தாங்க மாட்டாமல் சாய்ந்தன. அதே 1918-இல் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் சிறு ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

மீண்டும் கசார்வாடிப் பக்கம் வருவோம். அதன் அண்டை ஊராகிய பிம்ப்ரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் அமைந்தது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் உதவி நல்கின. மறு ஆண்டே பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. அறுவைக்குப் பின் புண் சீழ்ப்பிடிக்கும் என்ற பழைய அச்சம் இத்தகைய மருந்துகளால் பெரிதும் தணிந்தது. ஆனால் அறுவைக்கு இன்றியமையாத குருதியை எந்தத் தொழிற்சாலையும் வடித்துத் தருவதில்லை. அதனை உடலே ஆக்கிக்கொள்ள வேண்டும்; அதற்கு இரும்புச் சத்து வேண்டும்.

உணவில் சேரும் தாது, கத்தியின் வேலையையே குறைக்கவல்லது என்பதற்கு அயோடின் தக்க சான்று. சுவிட்சர்லாந்தின் மலைநாட்டில் முன்கழுத்துக் கழலை மிகுதி. தியோடர் கோக்கர் என்னும் அறுவை மருத்துவர் ஆயிரக்கணக்கானோர்க்குத் தைராய்டு அறுவை செய்து, 1909-இல் நோபெல் பரிசும் பெற்றார். 1922-இல் அந்நாட்டில் உப்போடு அயோடின் சேர்க்கத் தொடங்கினர்; கழலை படிப்படியாக அரிதாயிற்று. கைதேர்ந்த நிபுணர் ஒவ்வொரு கழுத்தாகச் செய்த பணியை, உப்பு ஊர் முழுமைக்கும் முன்கூட்டியே செய்துவிட்டது.

நம் நாட்டிலும் 1956 முதல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசுவாமி குழுவினர் இதனைச் சோதித்தனர். இரு பகுதிகளுக்கு அயோடின் சேர்ந்த உப்பும், மூன்றாவதற்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் முதல் இரு பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம் அயோடினே. ஓர் உப்புக்கல்லின் எடையும் அதற்கு மிகுதி.

இனி 2020-க்கு வருவோம். மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் கோவிட் நோயாளிகள் புனேயிலேயே கண்டறியப்பட்டனர். பிம்ப்ரியிலுள்ள யஷ்வந்த்ராவ் சவான் நினைவு மருத்துவமனை கோவிட் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. உலகெங்கும் இதே நிலைதான். உச்ச நெருக்கடியான 12 வாரங்களில் ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் அறுவைகள் தள்ளிப்போகும் என்று ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு கணித்தது. இந்தியாவின் பங்கு 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல்.

இரத்ததான முகாம்களும் அக்காலத்தில் அருகின. சோகை உள்ளவருக்கு அறுவையின்போது பிறர் குருதி தேவைப்படும் வாய்ப்பு அதிகம். நம் நாட்டிலோ 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையவர் என 2019–21 குடும்பநல ஆய்வு கூறியது. கருப்பைக் கட்டியால் மாதந்தோறும் குருதி இழக்கும் ஒரு தாய்க்கு அறுவை நாள் தள்ளிப்போவது வெறும் காத்திருப்பன்று. தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அவள் உடலிலுள்ள இரும்பைக் கரைக்கிறது.

இரும்பும் அயோடினும் ஒருங்கே சேர்ந்த உப்பு, இரும்பும் போலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் ஊட்டிய அரிசி ஆகியவற்றின் பயன் இங்கேதான் விளங்கும். தமிழ்நாட்டில் இரட்டைச் செறிவூட்டிய உப்பு சத்துணவுக் கூடங்களையும் எட்டியது. இவை மெதுவாகவே பயன் தருவன. முற்றிய சோகைக்கு மருத்துவர் தரும் மாத்திரைக்கு மாற்றாகா. தலசீமியா போன்ற குருதி நோயுடையவர் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தாது உண்டால் தொற்றே வராது என்று கோவிட் காலத்தில் பலர் விளம்பரம் செய்தனர். மிகையளவு துத்தநாகமும் வைட்டமின் சி-யும் நோயின் நாள்களைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று 2021-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை காட்டிற்று. ஆகவே தாதுவை மந்திரமாக எண்ண வேண்டா.

கொள்ளைநோய் வந்த பின் உப்பைத் தேடுவதால் பெரும்பயன் இல்லை. நல்ல நாளிலேயே ஊரார் உடலில் இரும்பும் அயோடினும் நிறைந்திருந்தால், கதவடைபட்ட காலத்தில் கத்தியை வேண்டி நிற்போர் குறைவர். நிற்போரும் தாங்கும் வலிமையோடு நிற்பர். அடுத்த முறை உப்புப் பொட்டலம் வாங்குகையில் அதன் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்ப்போமாக. வாங்கியதை ஈரம் படாமல் மூடி வைப்போமாக.