நிகழ்தகவு

‘நிகழ்’, ‘தகவு’ இரண்டும் சேர்ந்தது நிகழ்தகவு. தகவு, ‘தகு’ என்னும் வேரில் பிறந்தது. பொருத்தம் என்பது பொருள். ‘வாய்ப்பு’ என்றாலே போதாதா என்பார்கள். போதாது, பழைய மறையெழுத்தே சான்று. எழுத்துகளை நகர்த்தும் சீசர் முறைக்கு ஆங்கிலத்தில் 25 சாவிகளே (சாவி என்பது எத்தனை இடம் நகர்த்துவது என்ற எண்). ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். தொடக்கத்தில் எல்லாச் சாவிக்கும் வாய்ப்பு சமம். ஆனால் ‘அரீனா’ என்ற ஆங்கிலச் சொல்லை 17 இடம் நகர்த்தினால் ‘ரிவர்’ வரும். ஒற்றைச் சொல்லை வைத்து எது மூலம் என்று தீர்க்க முடியாது. செய்தி நீண்டால்தான் ஒரே விடை மொழிக்குத் தகும்.

எழுத்துக்கு எழுத்து மாற்றும் முறையில் சாவிகள் 4-ஐ அடுத்து 26 பூச்சியங்கள் அளவு. எல்லாவற்றையும் முயல முடியாதே எனலாம். ஆனால் 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி, எழுத்துகள் வரும் எண்ணிக்கையை ஒப்பிட்டே அதை உடைக்க வழி காட்டினார். சாவிகளை அடுக்குவது உழைப்பு. சரியானதைத் தேர்வது தகவு. நிகழ்தகவே தக்க சொல்.