வெள்ளிக்கிழமை வாசனை

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

வடநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் விருத்தாசலம் வந்தபோது வீட்டுக்கும் வந்திருந்தார். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கையில் கொடுத்து, "கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாருங்க சார், என்னன்னு சொல்லுங்க" என்றார். மோந்தேன். பூ இல்லை. அக்னி நட்சத்திரம் முடிந்து நாலு தூறல் போட்டதும் தரையிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை. புதுப்பானையில் முதல் தண்ணீர் ஊற்றும்போது வருகிற வாசனை. "மண்ணுப்பா" என்றேன். "மண்ணேதான் சார். மிட்டி அத்தர். கன்னோசியில வாங்கினது" என்றார்.

கன்னோசி என்றதும் உங்களுக்கு ஹர்ஷவர்த்தனர் நினைவுக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் சரித்திரம் நடத்தியது வீண். 7-ஆம் நூற்றாண்டில் அவருடைய தலைநகர். பிறகு பாலர், பிரதிகாரர், ராஷ்டிரகூடர் மூவரும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். அதையெல்லாம் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட நான், அந்த ஊர் இன்றைக்கும் அத்தர் வடித்துப் பிழைக்கிறது என்பது தெரியாமலேயே ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதுதான் தேடித்தேடிப் படித்தேன்.

மண்ணிலிருந்து எப்படி எண்ணெய் வரும் என்பதுதான் என் முதல் கேள்வி. குளத்து மண்ணை வில்லையாகத் தட்டி, சூளையில் அரைவேக்காடாகச் சுடுகிறார்கள். சுட்ட மண்ணை ஒரு பெரிய செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு மூடுகிறார்கள். அந்த அண்டாவுக்கு 'தேக்' என்று பெயர். மூடியைச் சுற்றியுள்ள சந்துகளைக் களிமண்ணும் பஞ்சும் சேர்த்துப் பிசைந்து அடைத்துவிடுவார்கள். மூடியிலிருந்து ஒரு மூங்கில் குழாய் இறங்கி, நீண்ட கழுத்துள்ள இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குள் போகும். அது 'பப்கா'. தண்ணீர்த் தொட்டியில் அமுங்கிக் கிடக்கும். அதற்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். அண்டாவுக்கு அடியில் விறகும் வறட்டியும் எரியும். ஆவி மூங்கில் வழியாக வந்து குளிர்ந்து, வாசனையைச் சந்தன எண்ணெயிடம் ஒப்படைத்துவிட்டுத் தண்ணீராகத் தங்கும். அந்தத் தண்ணீரைப் பிரித்து மறுபடியும் அண்டாவிலேயே ஊற்றிக் காய்ச்சுவார்கள். இப்படியே பல நாள். கடைசியில் தோலால் செய்த குப்பியில் அடைத்து வைப்பார்கள். மிச்சமிருக்கும் ஈரம் தோல் வழியாக மெல்ல வெளியேறிவிடும், எண்ணெய் உள்ளேயே நிற்கும். நம் சித்த வைத்தியர்கள் வாலையில் வடிப்பது என்று சொல்வார்களே, அதே வேலைதான். பூவுக்குப் பதிலாக மண் என்பதுதான் விசேஷம்.

பீங்கான் ஊர்க்காரர்களான உங்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வர வேண்டும். நம் தொழிற்பேட்டையில் இத்தனை வருடமாக எவ்வளவு மண்ணைச் சுட்டிருக்கிறார்கள்! அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை, கோப்பை என்று எத்தனை சாமான்! அதிலெல்லாம் ஏன் இந்த வாசனை இல்லை? சூட்டிலும் மேல்பூச்சிலும் இருக்கிறது பதில். பீங்கானை அதிகச் சூட்டில் இறுகச் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற பூச்சையும் உருக்கிவிட்டால் நுண்துளை அடைபட்டுப் போகிறது. தண்ணீர் உள்ளே போகாது. முதல் சூட்டில் எடுத்த பூச்சில்லாத சாமான் வேறு ரகம். பட்டறைக்காரர்கள் அதை பிஸ்கட் என்பார்கள். அதை நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஈரத்துக்கு அவ்வளவு தாகம். ஒருமுறை மாணவர்களைப் பட்டறை பார்க்க அழைத்துப்போனபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னை அப்படிச் செய்து பார்க்கச் சொன்னார். நாக்கு ஒட்டிக்கொண்டு நான் விழித்ததைப் பார்த்து நீங்களெல்லாம் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா?

இந்த மண் வாசனைக்கு ஆங்கிலத்தில் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற 2 ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள். 1964-இல் 'நேச்சர்' இதழில் வந்த அவர்கள் கட்டுரையின் தலைப்பே களிமண் வாசனையின் இயல்பு பற்றியதுதான். வறண்ட காலத்தில் செடிகொடிகளிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை போன்ற பொருள்கள் மண்ணிலும் பாறையிலும் படிந்து சேர்கின்றன, ஈரம் பட்டதும் வெளியேறுகின்றன என்பது அவர்கள் கண்டது. காய்ந்த களிமண்ணிலிருந்தே மஞ்சள் நிற எண்ணெயை வடித்தும் எடுத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் இதே எண்ணெயை ஒரு தொழிலாகவே வடிக்கிறார்கள் என்பதையும் அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருளுக்கும் இந்த வாசனையில் பங்கு உண்டு. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடுமாம்.

சரி, பூசிப் பார்த்த கதைக்கு வருகிறேன். மூடியோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சியால் ஒரு தொடு தொட்டு மணிக்கட்டில் வைத்தேன். முதல் கால் மணி நேரம் ஈர மண். பிறகு மண் மெல்ல அடங்கி, கீழேயிருந்து சந்தனம் எழும்பியது. மாலை வரை இருந்தது. ஆனால் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். பேரன் அடித்துக்கொள்கிற ஸ்பிரே வேறு மாதிரி. அது சாராயத்தில் கரைத்தது. ஆள் வருமுன் வாசனை வந்துவிடும், ஆள் உட்காருமுன் போயும் விடும். எண்ணெய்க்கு அந்த அவசரம் கிடையாது, உடம்புச் சூட்டில்தான் எழும். என் மனைவி முதல் நாள், "மழை வரப்போகுதா?" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஆசை விடவில்லை. வேறு சிலவும் வாங்கினேன். இந்த வியாபாரத்தில் இன்னும் தோலாக் கணக்குதான், சுமார் 11.66 கிராம். வெட்டிவேர் அத்தர் சித்திரை வெயிலுக்கு அமிர்தம். வெட்டிவேர் நமக்கு அன்னியமா என்ன? நம் கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில், நொச்சிக்காடு பக்கமெல்லாம் பயிராவதுதான். மருதோன்றிப் பூவோடு மசாலா சாமான்கள் சேர்த்து வடித்த ஹினா உடம்புக்குச் சூடு என்கிறார்கள். மார்கழிக்கு நன்றாக இருந்தது, மாசியில் தலைவலி வந்தது. ரோஜா எனக்கு ஒத்துவரவில்லை. மல்லிகை அத்தர், மன்னிக்க வேண்டும், நம் பூக்காரம்மா கூடைக்கு முன்னால் நிற்காது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வேட்டி சட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறை லேசில் போகாது. வெறும் தண்ணீரில் போகவே போகாது.

இந்தத் தண்ணீர் விஷயம்தான் என்னை இவ்வளவு எழுத வைத்தது.

1983-ஆக இருக்கலாம், 84-ஆகவும் இருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முதல் பீரியட். ஜும்மா தொழுகை முடிந்து ஒரு பையன் வகுப்புக்கு வந்தான். காதின் மேல்மடிப்பில் அத்தர் தோய்த்த சின்னப் பஞ்சு. வகுப்பு முழுக்க வாசனை. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கண்டிப்பான வாத்தியார் என்று பேர் வாங்க வேண்டும் என்கிற வயது. "இதென்ன கல்யாண வீடா? போய்க் கழுவிட்டு வா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தான். வாசனை போகவில்லை. கழுவாமலேயே வந்துவிட்டான் என்று நினைத்து மறுபடியும் அனுப்பினேன். சட்டைக் காலரெல்லாம் நனைய வந்து நின்றான். அப்போதும் இருந்தது. "பின்னாடி போய் உக்காரு" என்றேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவனாகவே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வான். பஞ்சும் இருக்காது, வாசனையும் இருக்காது. நான் ஒழுங்கு கற்றுக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அத்தர் என்றால் அது 'அவங்க சமாசாரம்' என்கிற எண்ணம் அன்றைக்கு என் மனசில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சரித்திர வாத்தியாருக்கு இதைவிட வெட்கக்கேடு இல்லை. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் மாதவி கூந்தலை நனைக்கும் நீர் எப்படிப்பட்டது? 10 வகைத் துவர், 5 வகை விரை, 32 வகை ஓமாலிகை ஊறிய நீர் என்று இளங்கோவடிகள் கணக்கே கொடுக்கிறார். எந்தக் காலத்துக்கு எந்த வாசனை என்கிற நுட்பமும் நம்மிடம் இருந்தது. நெடுநல்வாடையில் குளிர்காலம் வந்ததும் சந்தனம் அரைக்கும் கல் வேலையில்லாமல் கிடக்கிறது, அகில் புகைக்கிறார்கள். கோடைக்கு வெட்டிவேர், குளிருக்கு ஹினா என்று அத்தர் வியாபாரி சொல்வதும் இதே கணக்குதான். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் பெருமாளுக்குப் புனுகு சாத்துகிறார்கள். அதே வெள்ளிக்கிழமை! நம் வீட்டுச் சுவாமி அலமாரியில் இருக்கும் ஜவ்வாதுகூட 'ஜபாத்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது என்பார்கள். நாகூர் கந்தூரியில் சந்தனக்கூடு வரும்போது எல்லா மதத்தாரும்தான் கூடி நிற்கிறார்கள். கல்யாண வாசலில் பன்னீர்ச் சொம்பு இல்லாமல் நம் வீட்டில் யார் கல்யாணம் நடந்திருக்கிறது? அந்தப் பன்னீரே வாலையில் வடித்த ரோஜாத் தண்ணீர்தானே.

பன்னீர் என்றதும் ஒரு கதை. முகலாயர் பாடத்தில் நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது. நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் பன்னீர் தயாரித்துக்கொண்டிருந்தார். சூடான பன்னீரைத் தட்டுகளில் ஊற்றியபோது மேலே ஏதோ ஆடை போல மிதப்பதைக் கவனித்தார். கொஞ்சம் கொஞ்சமாக வழித்துச் சேர்த்தார். அதுதான் ரோஜா அத்தர் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு முத்துமாலை பரிசளித்ததாகவும், சலீமா சுல்தான் பேகம் அதற்கு 'இத்ரே ஜஹாங்கீரி' என்று பெயர் வைத்ததாகவும் குறிப்பு. நான் பாடத்தில் நூர்ஜஹானின் அரசியலைச் சொன்னேன், நாணயத்தில் அவர் பெயர் பொறித்ததைச் சொன்னேன். இதை மட்டும் எப்படி விட்டேன்?

எல்லாவற்றையும்விட என்னைக் குத்துவது சந்தனம். அத்தரின் உடம்பே சந்தன எண்ணெய்தான். பூவும் மண்ணும் வடக்கே கிடைக்கும். நல்ல சந்தனம் தெற்கே மைசூரிலும் நம் ஜவ்வாது மலை, கல்வராயன் மலையிலும்தான். நம் மணிமுத்தாறு பிறக்கிற அதே கல்வராயன் மலை. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக (நம் அரசமரம் இல்லை, அரசுக்கு உரிய மரம்) அறிவித்தார். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குப் போகும் கட்டைகள் தேங்கிவிடவே, 1916-இல் மைசூர் அரசே எண்ணெய் ஆலை தொடங்கியது. பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். ஸ்பைக் நோய் ஒரு பக்கம், வெட்டிக் கடத்தியவர்கள் ஒரு பக்கம். சொந்த நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே உரியது என்று சட்டம் இருந்ததால், விவசாயி வளர்க்கப் பயந்தான். வைரம் பாய 30 வருடத்துக்கு மேல் ஆகும் மரத்தை யார் காவல் காப்பது? கர்நாடகத்தில் 2001-இலும் இங்கே 2002-இலும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. கன்னோசியில் பலர் சந்தன எண்ணெயை விட்டுவிட்டுத் திரவ பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். ஆகவே 100 ரூபாய்க்குக் கிடைக்கும் குப்பியில் சந்தனம் இருக்கும் என்று நம்பாதீர்கள். பூசி 2 மணி நேரம் கழித்து மோந்து பாருங்கள். மேல் வாசனை போனபின் அடியில் ஒன்றுமே இல்லை என்றால் அது பாரஃபின்.

அந்தப் பையன் காதில் இருந்தது நல்ல அத்தராக இருந்திருந்தால், அதில் பெரும்பங்கு நம் பக்கத்து மலைச் சந்தனம். அதைத்தான் 2 தடவை கழுவிவிட்டு வரச் சொன்னேன்.

அவர் இப்போது இந்தப் பக்கத்தில் இருக்கிறார். என் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று இதுவரை நான் கேட்டதில்லை. இன்று எல்லோர் முன்னாலும் கேட்கிறேன், ஏனென்றால் அன்றைக்கும் எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். தம்பி, என்னை மன்னித்துவிடு. மிட்டி அத்தர் குப்பியில் முக்கால்வாசி இன்னும் இருக்கிறது. ஊருக்கு வரும்போது வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வா. பஞ்சு நான் வாங்கி வைக்கிறேன்.