என் பெயரில் ஒரு சாய்கோடு

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தில் டெஸ்ட் எஞ்சினியராக இருக்கிறேன். என்ன வேலை என்று அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு வருடம் ஆனது. "மத்தவங்க செஞ்சதுல தப்புக் கண்டுபிடிக்கிறதுக்கா சம்பளம்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் நான் உட்கார்ந்து தப்பைத் தேடுவதில்லை. எதையெல்லாம் சோதிக்க வேண்டும், என்ன கொடுத்தால் என்ன வர வேண்டும் என்று முதலில் ஒரு திட்டம் எழுதுவேன். அதை நிரலாக்கிவிட்டால், ராத்திரி நான் தூங்கும்போது கணினியே ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். காலையில் வந்து பச்சையா சிவப்பா என்று பார்ப்பதுதான் பாக்கி.

ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு அப்படித் திட்டம் எழுதினேன். எல்லாம் பச்சை. வெளியிட்ட மூன்றாம் நாள் புகார் வந்தது. சிலரால் பெயரை நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. யாரென்று பார்த்தால் எல்லாருமே ஏ/எல், ஏ/பி. நடுவில் இருக்கும் சாய்கோட்டைச் செல்லாத குறி என்று படிவம் தள்ளியிருக்கிறது. என் திட்டத்தில் இருந்த பெயர்கள் மூன்று: அலி பின் அபு, டான் ஆ கோவ், முத்து. வெறும் முத்து. என் சொந்த அடையாளக் கார்டில் சாய்கோடு இருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வெட்கத்தில்தான் இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து போதும். வெள்ளைக்காரனின் பதிவேட்டுக்கு அது போதவில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதவேண்டி வந்தது. ஆங்கிலத்தில் எஸ்/ஓ, டி/ஓ. அதுவே மலாயில் 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்றாகி, சுருங்கி ஏ/எல், ஏ/பி ஆனது. சிங்கப்பூர்த் தமிழர்களிடம் இன்றும் எஸ்/ஓதான். எழுதுகிறவனின் அவசரத்துக்காக வந்த சுருக்கக் குறி, பெயருக்குள்ளேயே குடியேறிவிட்டது.

எழுதியவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக் கிராணிகள். ஆங்கிலம் படித்தவர்கள்; யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் நிறைய. லயத்திலிருந்து வந்து நிற்கும் பால்மரத் தொழிலாளி வாயால் சொல்வதை அவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவார். ராமசாமி என்ற ஒரே பெயருக்குக் கடைசியில் 'ஐ' போட்டவர் உண்டு, 'வை' போட்டவர் உண்டு, நடுவில் ஒரு 'ஏ'யைக் கூட்டியவரும் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு அப்பா பெயர் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருப்பது இங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. என் வேலையின் பாஷையில் சொன்னால், அதுதான் நம் முதல் டேட்டா என்ட்ரி. சரிபார்க்கத்தான் ஆளில்லை. எழுதியவருக்குப் படிக்கத் தெரியும், சொன்னவருக்குத் தெரியாது.

(நான் வேலை செய்கிற இந்த ஊரே ஒரு ரப்பர் தோட்டம்தான். 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில்தான் பெட்டாலிங் ஜெயாவைக் கட்ட ஆரம்பித்தார்கள்.)

1948இல் அவசரகாலம் வந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் யார், ஊரிலிருக்கும் குடிமகன் யார் என்று பிரித்துப் பார்க்க, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாளக் கார்டு என்றார்கள். பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெயர் அன்றிலிருந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டிய பெயரானது. 1990இல் பன்னிரண்டு இலக்க எண் வந்தது: முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம் (சிலாங்கூர் என்றால் 10, கோலாலம்பூர் என்றால் 14). கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். 2001இல் சில்லு பதித்த மைகாட். அட்டை மாற மாற உள்ளே இருந்த பெயர் மாறவில்லை. கிராணி கேட்டதைக் கேட்டபடி, சாய்கோட்டோடு சேர்த்து, சில்லுக்குள் ஏற்றிவிட்டார்கள்.

கணினிக்கோ இந்தக் கோட்டுக்கு வேறு அர்த்தம். யுனிக்ஸில் ஒரு கோப்புறை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அது. இணைய முகவரியிலும் அப்படியே. முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவையே இல்லை என்று டிம் பெர்னர்ஸ்-லீ 2009இல் ஒப்புக்கொண்டார். நம் ஒற்றைக் கோட்டுக்கு அப்படி வருத்தப்பட யாரும் இல்லை. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் ஆங்கிலப் பேரெழுத்து, எண், < என்ற நிரப்புக்குறி இவை மட்டும்தான் வரலாம். சாய்கோட்டுக்கு அங்கே இடமே இல்லை. போதாததற்கு, திருட்டுத்தனமாகக் கட்டளை நுழைப்பவர்களுக்குப் பயந்து, பெயர்ப் பெட்டியில் எழுத்தைத் தவிர எதையும் விடாதே என்று எழுதுவது நிரலாளர்களின் பழக்கம். எங்கள் படிவத்திலும் அதுதான் நடந்திருந்தது. கெட்ட எண்ணமெல்லாம் யாருக்கும் இல்லை.

நிரலாளர் மறந்ததைப் பிடிக்கத்தானே நான் இருக்கிறேன்?

1979இல் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் சோதனைக் கலை பற்றி எழுதிய புத்தகம் ஒரு பரீட்சையோடு தொடங்குகிறது. மூன்று எண்ணைக் கொடுத்தால் என்ன வகை முக்கோணம் என்று சொல்லும் ஒரு சின்ன நிரல். அதைச் சோதிக்க என்னென்ன கொடுப்பீர்கள்? பதினான்கு மதிப்பெண். அனுபவசாலிகளே சராசரி 7.8தான் வாங்கினார்கள் என்கிறார். முக்கோணத்துக்கே பாதி. 1983இல் வந்த ஐட்ரிபிள்ஈ 829 என்ற தரவரையறை, சோதனைத் திட்டம் என்றால் என்னென்ன தலைப்பு வேண்டும் என்று பதினாறைச் சொன்னது. படிக்கத் தூக்கம் வரும். ஆனால் 'சோதிக்கப்படும் அம்சங்கள்' என்ற தலைப்புக்கு அடுத்தே 'சோதிக்கப்படாத அம்சங்கள்' என்று ஒன்று இருக்கிறது. எதைப் பார்க்கப்போவதில்லை, ஏன், என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் தலைப்பை நாங்கள் எப்போது தொலைத்தோம்? தானியங்கிச் சோதனை வந்தபோது என்று நினைக்கிறேன். 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜேயூனிட்டை எழுதினார்கள். 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் செலீனியத்தைத் தொடங்கினார். மனிதன் போலவே உலாவியில் தட்டி, சொடுக்கிப் பார்க்கும் கருவி. இரண்டும் இல்லாமல் எனக்குச் சோறு இல்லை; குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுக்கட்டான காகிதம் போய், திட்டமே நிரலாகிவிட்டது. நிரலில் இருப்பது ஓடும். இல்லாததைப் பற்றி நிரல் ஒன்றும் சொல்லாது. 'சோதிக்கப்படாதவை' என்று ஒரு பக்கம் கட்டாயமாக இருந்திருந்தால், அங்கே ஏ/எல், ஏ/பி என்று என் கையால் எழுத வேண்டி வந்திருக்கும். எழுதும்போதே கூசியிருக்கும். பச்சை விளக்கைப் பார்த்தபோது கூசவில்லை.

திருத்தம் ஒரே வரி. பெயர்ப் பெட்டியில் சாய்கோட்டையும் அனுமதித்தோம். என் திட்டத்தில் 'முத்து ஏ/எல் ராமசாமி' என்று சேர்த்து ஓட்டினேன். படிவம் தாண்டியது. பிடிஎஃப் ஆக்கும் இடத்தில் சிவப்பு. விண்ணப்பதாரரின் பெயரையே கோப்புக்கும் வைக்கிற ஏற்பாடு. கணினி 'முத்து ஏ' என்றொரு கோப்புறையைத் தேடியிருக்கிறது, அதற்குள் 'எல் ராமசாமி' என்றொரு கோப்பை. மகன் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். நான் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை நண்பன், "உன் பேர்தானே லா, ஏன் சிரிக்கிற?" என்றான்.

இப்போது என் திட்டக் கோப்பின் தலையில் பழைய மாதிரியே ஒரு பகுதி வைத்திருக்கிறேன்: சோதிக்கப்படாதவை. ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்கள். எண் 24 என்று தொடங்கினால் 1924ஆ 2024ஆ என்பது. இரண்டு ஆவணத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் உள்ளவர்கள். கடைசி வரி பாட்டிக்காக. இந்த மண்ணில் பிறந்து, காட்டப் பத்திரம் இல்லாததால் சிவப்பு ஐசியோடே இருப்பவர். அவருடைய பிறந்த தேதியும் கிராணி போட்டதுதான். படிவத்தில் குடியுரிமை என்ற பெட்டியில் ஒரே ஒரு தேர்வுதான் இருக்கிறது, அதைத் தாண்டாமல் அடுத்த பக்கம் போகாது. அதை மாற்றச் சொல்லிக் கோரிக்கை போட்டிருக்கிறேன். 'முன்னுரிமை: குறைவு' என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இரண்டு வாரத் திட்டமிடல் கூட்டத்திலும் மறுபடி கேட்கிறேன்.