சாயவேர்: சோழமண்டலக் கரையின் காட்டு வேரும் அதன் வணிகமும்

வீராம்பட்டினத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து வெளிப்படுத்திய செங்கல் தொட்டிகள் துணிகளுக்குச் சாயமேற்றப் பயன்பட்டவை என நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் இவ்விளக்கத்தை ஐயுற்றுள்ளனர். தொட்டிகளின் பயன் குறித்து நிகழ்ந்த அளவுக்கு விவாதம், சாயம் தந்த செடிகள் குறித்து நிகழவில்லை. அரிக்கமேட்டின் காலத்திற்கு இவ்வினாவை எழுப்புதல் கடினம். 18ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரைக்கோ எழுத்துச் சான்றுகள் உள்ளன.

புதுச்சேரியில் துணிக்கு வண்ணந்தீட்டும் முறையை 1734ஆம் ஆண்டளவில் போலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஒவ்வொரு கட்டத்திற்கும் துணி மாதிரி இணைத்துப் பதிவு செய்தார். 1742இல் இயேசு சபைத் துறவி கேர்தூவும் இதே தொழிலைக் கடிதமாக எழுதினார். இவ்விரு பதிவுகளிலும் நீலத்திற்கு அவுரி, துணியைப் பதப்படுத்தக் கடுக்காய், சிவப்பிற்குச் சாயவேர் ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. இவற்றுள் அவுரி பயிரிடப்பட்டது. கடுக்காய் காட்டு மரத்தின் காய். அதனைப் பொறுக்குவதால் மரம் அழிவதில்லை. சாயவேர் எடுப்பதோ செடியையே பிடுங்குவதாகும். ஒரே துணியில் சேர்ந்த இரு காட்டுப் பொருள்களின் சூழலியல் விளைவுகள் இவ்வாறு முற்றிலும் வேறுபட்டன. இவ்வேறுபாட்டைக் கருதாது ‘இயற்கைச் சாயம்’ என ஒருசேரப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்துவதன்று.

சாயவேர்ச் செடியைச் சித்த மருத்துவம் இம்பூறல் என வழங்கும். கடலோர மணற்பாங்கில் தானாக முளைக்கும் சிறு செடி அது. அதனைப் பயிரிட்டதும் உண்டு. ஆயினும் காட்டுச் செடியின் வேர் குட்டையாக இருந்தாலும், பயிரிட்டதனைவிட ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிகுதியான, தரமான சாயம் தருவதாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாவரவியலர் ராக்ஸ்பர்க் குறித்தார். இக்குறிப்பு இக்கட்டுரையின் பொருளுக்கு முதன்மையானது. பயிர்ச்செய்கை பெருகினால் காட்டுச் செடிமீதான நெருக்கடி குறையும் என்பது இன்றைய பாதுகாப்புத் திட்டங்களில் பரவலாகக் காணப்படும் எதிர்பார்ப்பு. காட்டு வேருக்கே மதிப்பு மிகுதி என்றால், பயிர் பெருகிய பின்னும் தோண்டுவோர் மணற்பாங்கை நாடவே காரணம் இருந்திருக்கும்.

கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளில் ஒல்லாந்தர் சாயவேரைத் தம் தனியுரிமையாக்கினர். வேர் தோண்டுதல் குறிப்பிட்ட சாதிப் பிரிவினர்மீது சுமத்தப்பட்ட கடமையாயிற்று. பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்திலும் அரசு இவ்வுரிமையை விடவில்லை. தனியுரிமையைப் பாதுகாப்பு நடவடிக்கையாகக் காண இடமில்லை. அரசின் கண் வருவாயின்மீதே இருந்தது. தோண்டும் உழைப்புக்கு உரியவர்கள் நிலத்தின்மீதோ விலையின்மீதோ சொல்லுரிமை பெறவில்லை. எங்கே, எவ்வளவு தோண்டாமல் விடவேண்டும் என்று தீர்மானிக்கக் கூடியவர்களும் அவர்களே. மண்ணை அறிந்தவர்கள் வேறெவருமல்லர்.

இவ்வணிகத்தை முடித்தது வேர் குறித்த அக்கறையன்று. 1868இல் ஜெர்மானிய வேதியியலர்கள் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். சாயவேரின் சிவப்பிற்கு அடிப்படையும் அலிசரினே. ஐரோப்பாவில் மஞ்சிட்டியின் உறவுச்செடியைப் பயிரிட்ட உழவரும் இங்கு வேர் தோண்டியவரும் ஒரே வேதிப்பொருளால் வாழ்விழந்தனர். இம்பூறல் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதனோடு விற்கப்படும் நன்னாரியும் வேருக்காகக் காட்டிலிருந்து தோண்டப்படும் செடியே. அதற்கு ஈடான செயற்கைப் பொருள் இன்னும் சந்தையை நிரப்பவில்லை.